கணுக்கால் ரிப்போர்ட்: 9 செ.மீ., 12 டிகிரி, 38 டிகிரி… எது சரி?

சென்னையில் வாலிபால், கூடைப்பந்து, கால்பந்து என்று பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் வீடுகளுக்கு இப்போது அவ்வப்போது ஒரு தாள் வந்து சேர்கிறது. அகாடமி எடுத்த உடல்தகுதிப் பரிசோதனையாக இருக்கலாம், சுளுக்குக்குப் போன இடத்தில் பிசியோ எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். அதில் கணுக்காலுக்கென்று ஒரு வரி. ஓரிடத்தில் “வலது 9 செ.மீ., இடது 7 செ.மீ.” என்று இருக்கும். அதே பையனை இன்னோர் இடத்தில் பார்த்தால் “வலது 12 டிகிரி” என்பார்கள். மூன்றாவது இடத்தில் செல்போனைக் காலில் வைத்துப் பார்த்துவிட்டு “38 டிகிரி, நார்மல்தான்” என்று அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் குழப்பம் வருவது இயல்புதான். 12 எங்கே, 38 எங்கே? யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் மூன்று பேருமே சரியாக அளந்திருக்க வாய்ப்பு உண்டு. எந்த முறையில் அளந்தார்கள் என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதியதில்தான் சிக்கல்.

## கணுக்காலில் மடங்குவது எது?

கீழ்க்காலில் இரண்டு எலும்புகள். முன்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்படும் பெரிய எலும்பு டிபியா. வெளிப்பக்கம் ஒல்லியாக இறங்குவது ஃபிபுலா. இரண்டும் கீழே சேர்ந்து ஒரு பள்ளம்போல அமைகின்றன. பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் டேலஸ் என்ற எலும்பு அந்தப் பள்ளத்துக்குள் பொருந்துகிறது. தச்சர் ஒரு சட்டத்தில் துளை வெட்டி இன்னொரு சட்டத்தின் முனையை அதில் செருகுவாரே, ஏறக்குறைய அந்த அமைப்பு.

இந்த மூட்டில் முக்கியமான அசைவுகள் இரண்டு:

1. பாதத்தின் முன்பகுதி முழங்காலை நோக்கி மேலே வருவது. இதற்கு டார்சிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். பாதம் தரையில் இருக்க, முட்டி பெருவிரலைத் தாண்டி முன்னால் போவதும் இதே அசைவுதான். கீழே ‘மடக்கம்’ என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.
2. பாதம் கீழ்நோக்கி நீளுவது, அதாவது நுனிக்காலில் நிற்கும்போது நடப்பது. இது பிளான்டார் ஃப்ளெக்‌ஷன்.

பாதம் உள்ளேயும் வெளியேயும் சாய்வது பெரும்பாலும் டேலஸுக்குக் கீழே, குதிகால் எலும்போடு அது சேரும் வேறொரு மூட்டில் நடக்கிறது. அது தனிக் கதை. ஆனால் அளக்கும்போது அது குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்கும், பின்னால் பார்ப்போம்.

டேலஸின் மேற்பகுதி முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கும். கால் மடங்க மடங்க, அந்த அகலமான பகுதி பள்ளத்துக்குள் வந்து இறுகுகிறது. அதனால் நன்றாக மடங்கிய கணுக்கால் உறுதியாக நிற்கும். நுனிக்காலில் இருக்கும் கணுக்கால் தளர்வாக இருக்கும். வாலிபாலில் பிளாக் போட்டுவிட்டு இறங்குபவர் அடுத்தவர் கால்மேல் காலை வைக்கும்போது சுளுக்கு சுலபமாக விழுவதற்கு இது ஒரு காரணம். அந்த நேரத்தில் பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கிறது, எலும்புப் பிடிப்பு குறைவு, வெளிப்பக்கத் தசைநார்கள்தான் மொத்தப் பாரத்தையும் வாங்குகின்றன.

விளையாட்டுப் பிசியோக்கள் மற்ற அசைவுகளைவிட மடக்கத்தை அதிகம் அளப்பது ஏன்? நடக்கவே சுமார் 10 டிகிரி வேண்டும். படியிறங்க, ஓட, தாவி இறங்க, உட்கார்ந்து எழ அதைவிடக் கூடுதலாக வேண்டும். சுளுக்குக்குப் பிறகு முதலில் குறைவதும், வலி போன பிறகும் திரும்பி வராமல் அடம்பிடிப்பதும் பெரும்பாலும் இதுவே.

## ஒரே கால், மூன்று எண்கள்

வழக்கத்தில் உள்ள முறைகள் இவை.

1. கட்டிலில் படுக்க வைத்து கோனியோமீட்டரால் அளப்பது. கோனியோமீட்டர் என்பது இரண்டு கைகள் வைத்த பாகைமானி. அதன் நடுப்புள்ளி வெளிக்கணுவில், ஒரு கை ஃபிபுலா வழியே மேலே, இன்னொரு கை பாதத்தின் வெளியோரமாகச் சுண்டுவிரல் எலும்புக்கு இணையாக. பிசியோ தன் கையால் பாதத்தை மேலே தள்ளி எண்ணைப் படிக்கிறார். பாடநூல்கள் இதற்குச் சொல்லும் இயல்பான அளவு சுமார் 20 டிகிரி. நடைமுறையில் 10, 12 என்று வருவதும் சகஜம்.

2. சுவரை வைத்து அளப்பது. பாதத்தைச் சுவருக்கு நேராக வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை செ.மீ. என்று இஞ்ச் டேப்பில் பார்ப்பது. பிசியோக்கள் இதை ‘நீ டு வால்’ என்றோ லஞ்ச் டெஸ்ட் என்றோ சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பத்து செ.மீ. ஒட்டி வந்தால் பொதுவாகப் போதும் என்பார்கள்.

3. அதே சுவர் நிலையில், கீழ்க்காலின் முன்பக்க எலும்பான டிபியாவின்மேல், சாய்வு காட்டும் இன்க்ளினோமீட்டரையோ செல்போனையோ வைத்து, கால் செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பது. இங்கே 35 முதல் 45 வரை வருவது சாதாரணம்.

முதல் முறையில் 12 வந்த காலுக்கு மூன்றாவது முறையில் 38 வருவதில் ஆச்சரியம் இல்லை. காரணங்கள் மூன்று. ஒன்று, பலம். பிசியோவின் கை தள்ளுவதைவிட உடம்பின் எடை பல மடங்கு அழுத்துகிறது. இரண்டு, முட்டி. கட்டிலில் முட்டி நீட்டியிருந்தால், முட்டிக்கு மேலிருந்து தொடங்கி குதிகால் வரை இறங்கும் கெண்டைக்கால் தசை முழுக்க இழுபட்டுச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். சுவர் முறையில் முட்டி மடங்கிவிடுவதால் அந்தத் தசை தளர்ந்துவிடுகிறது. மூன்று, பாதம். நின்று அழுத்தும்போது கணுக்கால் மட்டும் மடங்குவதில்லை, நடுப்பாத மூட்டுகளும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எண்ணை ஏற்றிவிடுகின்றன.

ஆகவே, “போன மாதம் 12, இந்த மாதம் 38, என்ன முன்னேற்றம்!” என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் இரண்டும் ஒரே முறையில் எடுத்ததா என்று கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் பயிற்சியாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அவரும் அதை நம்பிப் பையனைக் களத்தில் இறக்குவது நடக்கக்கூடியதுதான்.

## சுவர் முறை: எங்கே ஏமாறுகிறோம்

செலவில்லாத முறை என்பதால் இதுதான் எங்கும் பரவியிருக்கிறது. நம்பகமானதும்கூட. 1998ல் ஆஸ்திரேலியாவில் கிம் பென்னெல் குழுவினர் சோதித்தபோது, ஒரே ஆள் மறுபடி அளந்தாலும் வேறு ஆள் அளந்தாலும் முடிவுகள் மிக நன்றாக ஒத்துப்போயின. 2012ல் கோனியோமீட்டர், இன்க்ளினோமீட்டர், டேப் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்விலும், மாறாமல் ஒரே எண்ணைத் தருவதில் டேப்தான் முன்னால் நின்றது. இருபது ரூபாய் டேப் ஜெயித்தது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் அந்த ஆய்வுகளில் அளந்தவர்கள் ஒழுங்காக அளந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அளக்கும் மைதானத்தில் அந்த ஒழுங்கு இருக்காது. கவனிக்க வேண்டியவை:

1. குதிகால். கடைசி ஒரு செ.மீ.க்காகப் பிள்ளைகள் குதிகாலைத் தூக்கிவிடுவார்கள், அவர்களுக்கே தெரியாது. குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, அதை உருவ முடிகிறதா என்று பாருங்கள். உருவ முடிந்தால் அந்த அளவு செல்லாது.

2. பாத வளைவு. மடக்கம் தீர்ந்துபோனவர்கள் பாதத்தை உள்பக்கமாகச் சரித்து, வளைவைத் தட்டையாக்கி, முட்டியைப் பெருவிரலுக்கு உட்புறமாகக் கொண்டுபோய்ச் சுவரைத் தொட்டுவிடுவார்கள். முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். சுவரில் சாக்பீஸால் செங்குத்தாக ஒரு கோடு, தரையில் அதன் தொடர்ச்சியாக ஒரு கோடு போட்டு, குதிகால் நடுவையும் இரண்டாம் விரலையும் தரைக்கோட்டில் வைத்து, முட்டி சுவர்க்கோட்டைத் தொடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

3. ஷூ. விளையாட்டு ஷூக்களில் குதிகால் பக்கம் சற்று உயரமாக இருக்கும். அது மடக்கத்தைச் சும்மா கூட்டிக் காட்டும். வெறுங்காலில்தான் அளக்க வேண்டும்.

4. நேரம். பயிற்சிக்கு முன் அளந்ததையும் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு அளந்ததையும் ஒப்பிடக் கூடாது. உடம்பு சூடானால் எண் ஏறும்.

5. எத்தனை முறை. முதல் முயற்சி பெரும்பாலும் குறைவாக வரும். பழக்கத்துக்கு ஓரிரு முறை விட்டு, பிறகு மூன்று எடுத்துச் சராசரி பார்ப்பது வழக்கம்.

போன் வைத்து அளப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். போனுக்குள் இருக்கும் உணரி புவியீர்ப்பை வைத்துச் சாய்வைச் சொல்கிறது; அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. தவறு வருவது போன் உட்காரும் இடத்தில். இன்றைய போன்களில் கேமரா துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் எலும்பில் பட்டால் போனே சில டிகிரி சாய்ந்துவிடும். நீளமான ஓரத்தை வைத்து, ஒவ்வொரு முறையும் முட்டிக்குக் கீழே அதே தூரத்தில் வைத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். சுவர் செங்குத்துதான் என்று நம்பி போனைச் சுவரில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்காதீர்கள். பழைய கட்டடங்களில் சுவர் என்னென்ன கோணத்தில் நிற்கிறது என்று அதே போன் சொல்லிவிடும்.

## ‘1 செ.மீ. = 3.6 டிகிரி’ என்ற கணக்கு

செ.மீ.யில் வந்ததை டிகிரியாக மாற்ற ஒரு சூத்திரம் பரவலாகச் சுற்றுகிறது: ஒரு செ.மீ.க்கு 3.6 டிகிரி. பத்து செ.மீ. என்றால் 36 டிகிரி. கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

பெருவிரல் சுவரை ஒட்டியிருக்கிறது, முட்டியும் சுவரைத் தொடுகிறது என்று வையுங்கள். தூரம் பூஜ்ஜியம். சூத்திரப்படி மடக்கமும் பூஜ்ஜியம். ஆனால் கணுக்கால் பெருவிரலிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் பின்னால் இருக்கிறது. முட்டி அவ்வளவு தூரம் முன்னால் வந்திருக்கிறது என்றால், கால் ஏற்கெனவே நன்றாகச் சாய்ந்துவிட்டது என்றுதான் பொருள்.

ஒரு மாதிரிக் கணக்கு. கணுக்கால் மூட்டிலிருந்து முட்டி வரை 40 செ.மீ., கணுக்காலிலிருந்து பெருவிரல் நுனி வரை 18 செ.மீ., முட்டிச் சில்லு காலின் நடுக்கோட்டிலிருந்து 5 செ.மீ. துருத்தி நிற்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த சைன் கணக்குதான். அப்போது:

1. பெருவிரல் சுவரை ஒட்டியிருந்தால் சுமார் 19 டிகிரி (சூத்திரப்படி 0)
2. 5 செ.மீ. என்றால் சுமார் 27 டிகிரி (சூத்திரப்படி 18)
3. 10 செ.மீ. என்றால் சுமார் 35 டிகிரி (சூத்திரப்படி 36)
4. 15 செ.மீ. என்றால் சுமார் 44 டிகிரி (சூத்திரப்படி 54)

பத்து செ.மீ. பக்கத்தில் மட்டும் சூத்திரம் தற்செயலாகப் பொருந்துகிறது. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் உறுத்தவில்லை போலிருக்கிறது. இந்தக் கணக்கில் ஒரு செ.மீ. மாறினால் கோணம் ஒன்றரை முதல் இரண்டு டிகிரிக்குள்தான் மாறுகிறது. அதாவது, “2 செ.மீ. கூடியிருக்கிறது, 7 டிகிரி முன்னேற்றம்” என்று எழுதினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி எழுதுகிறோம்.

ஆளுக்கு ஆள் காலின் நீளம் வேறு என்பது அடுத்த சிக்கல். அதே 10 செ.மீ.யை இரண்டு பேரிடம் பார்ப்போம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை: முட்டி வரை 31 செ.மீ., கணுவிலிருந்து விரல் 14, சில்லு 4. கோணம் சுமார் 40 டிகிரி. நெடுநெடுவென்று வளர்ந்த வாலிபால் வீரர்: முட்டி வரை 46, விரல் வரை 20, சில்லு 5. கோணம் சுமார் 33 டிகிரிதான். டேப் இருவரையும் சமம் என்கிறது. கணுக்காலுக்கு அது சமம் இல்லை.

அப்படியானால் டேப் உதவாதா? உதவும். ஒருவரின் வலது காலை அவருடைய இடது காலோடு, அல்லது இந்த மாத அளவை அவருடைய போன மாத அளவோடு ஒப்பிடும்போது நீளப் பிரச்சினை தானாக அடிபட்டுப்போகும். (வளரும் வயதில் ஆறு மாத இடைவெளி என்றால் அதையும் முழுக்க நம்ப முடியாது.) ஓர் அணியில் இருக்கும் பதினைந்து பேரை வரிசைப்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் கோணமாக அளந்துவிடுங்கள்.

## எவ்வளவு மாறினால் மாற்றம்?

கிரிக்கெட் பார்க்கும் ஊர் இது. பந்துவீச்சில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது என்பது தெரிந்திருக்கும். அதை அளக்க ஐசிசி அங்கீகாரம் பெற்ற கூடம் போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் இருக்கிறது. பல கேமராக்கள், உடம்பில் ஒட்டிய குறிகள், கணினி என்று அங்கே ஏற்பாடு வேறு. சுவரும் டேப்பும் வைத்து அளக்கிற நாம் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது.

சுவர் முறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கிடைக்கும் தோராயம் இது: 1.5 முதல் 2 செ.மீ.க்கோ, 4.5 முதல் 5 டிகிரிக்கோ குறைவான வித்தியாசம் அளவுப் பிழையாகவே இருக்கலாம். 9 செ.மீ. இருந்தது 9.8 ஆனது என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. 6 இருந்தது 9 ஆனது என்றால் கால் உண்மையிலேயே மாறியிருக்கிறது.

இடது வலது வித்தியாசத்துக்கும் இதே போலத்தான். அடிபடாத ஆரோக்கியமானவர்களிடமும் ஒன்றரை செ.மீ. அளவு வித்தியாசம் இருப்பது உண்டு. முதலில் சொன்ன தாளில் 9, 7 என்றிருந்ததே, அந்த 2 செ.மீ. எல்லைக்கோட்டில் நிற்கிறது. பழைய சுளுக்கு இருந்தால் கவனிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்த்தால் போதும்.

இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொரு எண். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகள் மடக்கத்தை எவ்வளவு கூட்டுகின்றன என்று 2006ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு பார்த்தது. கிடைத்த விடை: சராசரியாக 2 முதல் 3 டிகிரி. அளவுப் பிழையைவிட இது சிறியது! பயிற்சி வீண் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஒரு தனி ஆளின் தாளில் மூன்று டிகிரி ஏறியதை வைத்துப் பயிற்சி பலித்தது என்றோ, ஏறாததை வைத்துப் பிள்ளை வீட்டில் செய்யவில்லை என்றோ முடிவுகட்ட முடியாது.

## எங்கே பிடிக்கிறது?

எண்ணைவிட முக்கியமான ஒரு கேள்வி உண்டு. தாளில் பல நேரம் அதற்கு இடமே இருக்காது. முட்டி முன்னால் போய் நின்றுவிட்ட அந்தக் கணத்தில், “எங்கே பிடிக்கிறது?” என்று கேட்பதுதான் அது.

பின்னால், கெண்டைக்காலில் இழுக்கிறது என்றால் தடை தசையில். எந்தத் தசை என்று பிரிக்கவும் வழி இருக்கிறது. கெண்டைக்காலில் மேலாக இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் முட்டியைத் தாண்டிப் போகிறது. அடியில் இருக்கும் சோலியஸ் முட்டிக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. முட்டி நீட்டியிருக்கும்போது மடக்கம் குறைந்து, முட்டியை மடக்கியதும் கூடிவிட்டால் தடை மேல்தசையில். இரண்டு நிலையிலும் குறைவு என்றால் சோலியஸ், மூட்டுப்பை, எலும்பு என்று வேறிடத்தில் தேட வேண்டும். 1920களில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் நீல்ஸ் சில்ஃபர்ஷோல்ட். அவரே 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பங்கேற்ற ஜிம்னாஸ்ட்.

முன்னால், கணுக்கால் மடிப்பில் குத்துகிறது, நெருக்குகிறது என்றால் கதை வேறு. பழைய சுளுக்குக்குப் பிறகு மூட்டின் முன்பக்கம் திசு தடித்திருக்கலாம், டேலஸ் பின்னால் சரியாக நழுவாமல் இருக்கலாம், அல்லது எலும்பு முள் வளர்ந்திருக்கலாம். வருடக்கணக்கில் பந்தை உதைப்பவர்களுக்கு இந்த முள் வருவது அறிந்த விஷயம். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடிப் பக்கம் சின்ன வயதிலிருந்து ஆடி வந்த ஒருவர் முப்பது வயதில் இப்படிச் சொன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான். இவரைத் தினமும் படியில் நிறுத்திக் கெண்டைக்காலை நீட்டச் சொன்னால் வலி கூடும். நீட்ட நீட்ட முன்பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும்.

பின்னால் இழுப்பவர், முன்னால் குத்துபவர் இரண்டு பேருக்கும் தாளில் ஒரே 6 செ.மீ.தான் இருக்கலாம்.

சுளுக்கு விழுந்து ஓரிரு நாள் ஆன கால் என்றால் இந்த அளவெல்லாம் அப்புறம். முதலில் எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1992ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதிகளை உலகமெங்கும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். உள், வெளிக் கணு எலும்புகளின் பின்னோரத்தில் கீழ் 6 செ.மீ.க்குள் அழுத்தினால் வலி, அல்லது அடிபட்ட உடனேயும் பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எக்ஸ்ரே. பாதத்தின் நடுப்பகுதிக்குத் தனியாக இதேபோல விதி இருக்கிறது. வீங்கிய காலை உருவி வழிக்கச் சொல்லி யாரிடமாவது கூட்டிக்கொண்டு போவதற்கு முன் இந்தச் சோதனையாவது நடந்திருக்க வேண்டும்.

## மடக்கம் குறைந்தால் என்ன?

தாவி இறங்கும்போது கணுக்கால் மடங்கி அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அது மடங்காவிட்டால் பாரம் முட்டிக்கும் இடுப்புக்கும் போகும், அல்லது பாதம் உள்ளே சரிந்து முட்டியும் கூடவே உள்ளே போகும். இயக்கவியல்படி இது தெளிவு. காயம் வருமா என்ற கேள்விக்கு ஆதாரம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம்.

1998ல் ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஓர் ஆய்வு. மடக்கம் குறைந்தவர்களுக்குக் காயம் அதிகம் வந்தது. அதே ஆய்வில், பயிற்சிக்கு முன் கெண்டைக்காலை நீட்டியது காயத்தைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவது பலருக்கும் வழக்கம்.

2011ல் ஸ்வீடனில் இளம் கூடைப்பந்து வீரர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். எடை தாங்கிய நிலையில் மடக்கம் 36.5 டிகிரிக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் வலி வரும் ஆபத்து 18.5 முதல் 29.4 சதவீதம், அதிகமாக இருந்தவர்களுக்கு 2 சதவீதம் அளவுதான். பெரிய வித்தியாசம். ஆனால் ஆடியவர்கள் சில டஜன் பேர், வலி வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். இதை வைத்துக்கொண்டு 36.5ஐத் தேர்ச்சி மதிப்பெண் போல ஆக்கி, 36 வந்த பிள்ளையைத் தேர்விலிருந்து விலக்குவது அபத்தம். முன்பு பார்த்த அளவுப் பிழையை ஒரு முறை நினைத்துக்கொண்டால் போதும்.

நடனம் ஆடுபவர்கள் கணக்கு கொஞ்சம் தனி. பரதநாட்டியத்தின் அரைமண்டியில் குதிகால் தரையில் பதிந்திருக்க, முட்டி இரு பக்கமும் விரிந்து விரல்களுக்கு மேலே போகிறது. எவ்வளவு தாழ்வாக உட்கார முடியும் என்பதில் இடுப்பின் திருப்பத்துக்குப் பெரிய பங்கு. கணுக்கால் மடக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. “இன்னும் உட்காரு” என்று அதட்டும்போது மடக்கம் தீர்ந்துபோன பிள்ளை பாத வளைவைச் சரித்துத்தான் உட்காரும். சுவர்ச் சோதனையில் பார்த்த அதே ஏமாற்று. முழுக்கக் கீழே உட்காரும் முழுமண்டியிலோ குதிகால் மேலே வந்துவிடுகிறது. அங்கே இந்த மடக்கத்துக்கு வேலை குறைவு, முட்டிக்கும் விரல் மூட்டுகளுக்கும்தான் வேலை. முழுமண்டி அழகாக உட்காரும் பிள்ளைக்கு அரைமண்டி மட்டும் தாழவில்லை என்றால் கணுக்காலையும் அளந்து பார்ப்பது நல்லது.

## தாளைக் கையில் வாங்கியதும்

கேட்க வேண்டியவை அதிகம் இல்லை:

1. படுக்க வைத்தா, நிற்க வைத்தா? முட்டி நீட்டியா, மடக்கியா?
2. எந்தக் கருவி? பயிற்சிக்கு முன்பா, பின்பா?
3. மற்ற காலின் அளவு எங்கே?
4. நின்றுபோன இடத்தில் பிடித்தது முன்னாலா, பின்னாலா?
5. அடுத்த முறை அளப்பதும் இதே முறையிலா?

நான்காவதற்கு விடை கிடைத்தால் என்ன பயிற்சி என்பது பாதி தெளிந்துவிடும். பின்னால் பிடித்தால் முட்டி நீட்டியும் மடக்கியும் இரு விதமாகக் கெண்டைக்கால் நீட்டல், குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பலப் பயிற்சி. முன்னால் இறுக்கம் என்றால் பிசியோ கையாலோ பெல்ட்டாலோ டேலஸைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு முட்டியை முன்னால் கொண்டுபோகச் சொல்லும் முறை உண்டு. பலிப்பவர்களுக்கு அதே அமர்விலேயே வித்தியாசம் தெரியும். வாரக்கணக்கில் செய்தும் முன்பக்கக் குத்தல் போகவில்லை என்றால் படம் எடுத்துப் பார்க்க வேண்டிய கட்டம்.

## சுவர் சொல்லாதது

இத்தனை நேரம் பார்த்தது ஒரே ஒரு அசைவை. இதற்கு எதிரான அசைவில், அதாவது பாதம் கீழ்நோக்கி நீளுவதில், கோளாறு உள்ளவர்கள் சுவர்ச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள். 1987லிருந்து வேகப்பந்து வீச்சுக்கென்றே எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற பயிற்சி மையம் நடக்கும் ஊர் இது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்துவீசும்போது முன்கால் பலமாகத் தரையில் அறைகிறது. பாதம் கீழ்நோக்கித் தட்டப்படும்போது டேலஸின் பின்பகுதி குதிகால் எலும்புக்கும் டிபியாவுக்கும் நடுவில் நசுங்குகிறது. சிலருக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன உபரி எலும்பு இருக்கும். அவர்களுக்குத் தொல்லை கூடுதல். வலி குதிகாலுக்கு மேலே, ஆழத்தில், பின்புறமாக இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் குதிநாண் வலி என்று தோன்றிவிடும்.

இவருக்குச் சுவரில் 12 செ.மீ. வரலாம். குப்புறப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, பாதத்தைச் சட்டென்று கீழ்நோக்கி முழுக்க நீட்டிப் பார்த்தால்தான் அந்த வலி வெளியே வரும். முன்கால் கணுவில் வலி என்று சொல்லும் பந்துவீச்சாளரின் தாளில் டார்சிஃப்ளெக்‌ஷன் மட்டும் எழுதியிருந்தால், பிளான்டார் ஃப்ளெக்‌ஷனையும் பார்த்துத் தரச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம்.